தங்கப்பல்லியில் கால் நீட்ட இடம்

1-6-1969, ஞாயிறு

வெயில் கொளுத்துகிறது. நாளைக்குப் பள்ளிக்கூடம் திறக்கிறார்கள். ஒன்பதாம் வகுப்புக்கு மறுபடியும் நான்தான் கணக்கு டீச்சர். அந்தப் பெண்கள் எந்தெந்தக் கோயிலில் என்னென்ன வேண்டிக்கொண்டிருக்கிறார்களோ, பாவம்.

அப்பா காலையிலிருந்து காரைத் துடைத்துக்கொண்டிருக்கிறார். ரமாமணி கல்யாணத்துக்கு இன்னும் இருபத்தாறு நாள் இருக்கிறது. அதற்குள் பெயின்ட்டையே துடைத்து எடுத்துவிடுவார் போலிருக்கிறது. 1936-ஆம் வருஷத்து வண்டி. ஊருக்குக் கப்பலேறிய ஒரு வெள்ளைக்காரர் அப்பாவிடம் தள்ளிவிட்டுப் போனது. கூரை கிடையாது. மஞ்சள் நிறம். கிளம்பும்போது பல்லி மாதிரி ச்சு ச்சு என்று கொட்டும். வரதராஜப் பெருமாள் கோயில் தங்கப்பல்லியின் பெயரைத் தெருவே சேர்ந்து இதற்கு வைத்துவிட்டது. தோஷம் போகட்டும் என்று தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போகிறவர்களும் உண்டு. அப்பா விரல் பட்ட இடத்தைத் துடைப்பதோடு சரி.

சின்ன காஞ்சிபுரத்தில் யார் வீட்டுக் கல்யாணம் என்றாலும் முதல் நாள் சாயங்காலம் மாப்பிள்ளை அழைப்புக்குத் தங்கப்பல்லிதான். ஓட்டுவது அப்பா. வெற்றிலை பாக்கு தேங்காய் தவிர ஒன்றும் வாங்கமாட்டார். இதுவரை முப்பத்தெட்டு மாப்பிள்ளைகளை ஏற்றி வந்திருக்கிறார். முப்பத்தொன்பதாவது, சொந்த மாப்பிள்ளை முரளீதரன்.

தங்கைக்கு முந்திக்கொண்டு கல்யாணம். அக்காவுக்கு வயது இருபத்தெட்டு, உயரம் ஐந்தடி பதினோரு அங்குலம். பள்ளிக்கூடத்தில் பெண்கள் என் முதுகுக்குப் பின்னால் ராஜகோபுரம் என்கிறார்கள். வந்த ஆறு வரன்களும் நான் காபி கொண்டு வந்ததும் நிமிர்ந்து பார்த்தார்கள், பிறகு அவர்கள் அம்மாவைத் திரும்பிப் பார்த்தார்கள், அவ்வளவுதான். எனக்கு வருத்தமே இல்லை என்று எழுதலாமென்றால் பேனா நிற்கிறது. கொஞ்சம் இருக்கிறது. சந்தோஷம் அதைவிட நிறைய இருக்கிறது. போதும், தூங்கப் போ.

3-6-1969, செவ்வாய்

அனந்தசரஸ் குளத்துப் படியில் அப்பா வழுக்கி விழுந்துவிட்டார். வலது கணுக்காலில் எலும்பு விரிசல். ஆறு வாரம் மாவுக்கட்டு. பெருமாளே.

5-6-1969, வியாழன்

வலி போய்க் கவலை வந்துவிட்டது அப்பாவுக்கு. கல்யாணத்தன்றைக்கும் கட்டு இருக்கும். அப்படியானால் வண்டியை யார் ஓட்டுவது? சித்தப்பா ஒரு டிரைவரைச் சொன்னார், பக்கத்து வீட்டுக்காரர் இரண்டு பேரைச் சொன்னார். ஒருவன் பீடி பிடிப்பானாம், ஒருவன் லாரி ஓட்டுகிறவனாம், மூன்றாமவன் முகமே சரியில்லையாம். ஊரார் பெண்களுக்கெல்லாம் நான் மாப்பிள்ளை அழைத்து வந்தேன், என் பெண்ணுக்கு எவனோ ஒருவனா என்று காலைப் பார்த்துக்கொண்டே புலம்புகிறார்.

நான் போய் லாகரிதம் புத்தகத்தை எடுத்து, நடுவில் வைத்திருந்ததை உருவி அவர் மடியில் போட்டேன். டிரைவிங் லைசென்ஸ். ஆசிரியர் பயிற்சிக்கு பி.டி. படிக்கும்போது திருவல்லிக்கேணியில் அத்தை வீட்டில் இருந்தேனே, அப்போது கற்றுக்கொண்டது. நாலு வருஷமாக ஒளித்து வைத்திருக்கிறேன்.

அப்பா கண்ணாடியைப் போட்டார், கழற்றினார், துடைத்துவிட்டு மறுபடி போட்டார். அம்மா, "இவ அத்தையை நான் பார்த்துக்கறேன்" என்று உள்ளே போய்விட்டாள். ரமாமணி தூணுக்குப் பின்னால் நின்று குதிக்கிறாள்.

கடைசியில் அப்பா சொன்னது இதுதான்: "ஓட்டிக் காட்டு. பார்க்கலாம்."

பார்க்கலாம் என்றார். மாட்டேன் என்று சொல்லவில்லை. இன்றைக்குத் தூக்கம் வந்த மாதிரிதான்.

7-6-1969, சனி

அவமானம்.

லைசென்ஸ் இருக்கிறது, தைரியம் இருக்கிறது. ஆனால் என் கால் வண்டிக்குள் அடங்கமாட்டேன் என்கிறது. அப்பா ஐந்தடி மூன்று. இருக்கையும் அவருக்கு ஏற்ற மாதிரி குட்டையாக, முன்னால் தள்ளி இருக்கிறது. நான் உட்கார்ந்தால் இரண்டு முழங்காலும் ஸ்டீயரிங்குக்கு இரண்டு பக்கமும் காது மாதிரி நிற்கின்றன. கிளட்சை அமுக்க இடது காலைத் தூக்கினால் முட்டி சக்கரத்தில் இடிக்கிறது. வலது காலை பிரேக்குக்கு மாற்றினால் கதவோரம் இருக்கிற ரப்பர் ஹாரனை முட்டி அமுக்கிவிடுகிறது. ஒவ்வொரு பிரேக்குக்கும் ஒரு பாம். சன்னிதித் தெருவில் பசு மாட்டிலிருந்து பட்டாச்சாரியார் வரைக்கும் எல்லாரும் ஓரம் கட்டினார்கள்.

நாலு வீடு தாண்டுவதற்குள் ஆறு தரம் இன்ஜின் நின்றது. அப்பா வாசலில் நாற்காலியில் உட்கார்ந்து விரல் விட்டு எண்ணினார்.

எனக்குச் சிரிப்பு தாங்கவில்லை. வீட்டுக்குள் வந்த பிறகுதான் அழுகை வந்தது. இரண்டுக்கும் நடுவில் இரண்டு தோசை சாப்பிட்டேன்.

8-6-1969, ஞாயிறு

அப்பாவின் நிபந்தனைகள். எழுதி வைத்துக்கொள்கிறேன், பிறகு பேச்சு மாறக்கூடாது.

மாப்பிள்ளை அழைப்பில் வண்டி நாதஸ்வரக்காரர் பின்னால் போகவேண்டும். அவர் நடந்தால் நகரணும், நின்று வாசித்தால் நிற்கணும். ஒரு மணி நேரம் கிளட்சிலிருந்து காலை எடுக்க முடியாது. நடுவில் வண்டி ஆஃப் ஆனால் அபசகுனம் என்பார்கள் பிள்ளை வீட்டுக்காரர்கள். அதனால் இருபத்திரண்டாம் தேதிக்குள் சன்னிதித் தெருவைக் கோபுர வாசல் வரை நடை வேகத்தில் போய்த் திரும்பிக் காட்டவேண்டும். இன்ஜின் ஒரு தரம் நின்றாலும் மெட்ராஸிலிருந்து வாடகை வண்டி. கால் நீட்ட இடத்துக்கு எது வேண்டுமானாலும் செய்துகொள்ளலாம். ஆனால் –

"என் கால் சரியான அன்னிக்கு வண்டி பழையபடி ஆகிடணும். சம்மதமா?"

தலையை ஆட்டிவிட்டேன். எனக்கு இப்போதைக்கு இருபத்தாறாம் தேதி சாயங்காலம்தான் கண்ணில் தெரிகிறது.

11-6-1969, புதன்

பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் பட்டறை வைத்திருக்கும் தேவசகாயம் வந்தார். தங்கப்பல்லிக்கு அவர்தான் வைத்தியர். என்னை ஏற இறங்கப் பார்த்தார், வண்டியைப் பார்த்தார், சரி, சீட்டை நாலு அங்குலம் பின்னால் தள்ளிவிடலாம் டீச்சரம்மா என்றார். தள்ளினார். சொர்க்கம். கால் மூச்சு விட்டது.

ஆனால் பின் சீட்டில்தானே மாப்பிள்ளை உட்காரவேண்டும்? அம்மாவை உட்காரவைத்துப் பார்த்தோம். அம்மாவின் முழங்கால் அவள் தாடையைத் தொட்டது. முரளீதரனைச் சம்மணம் போட்டு உட்காரச் சொல்லப் போகிறாயா என்று அப்பா கேட்டார். அம்மாவை வெளியே எடுக்க இரண்டு பேர் தேவைப்பட்டோம்.

சீட் பழைய இடத்துக்குப் போய்விட்டது. மெத்தையைக் கழற்றிவிட்டுப் பலகையில் உட்கார்ந்தேன். முழங்கால் இன்னும் மேலே போயிற்று. படம் போட்டுக் கணக்குப் பார்த்தேன்: பலகை உயரம் பத்து அங்குலம், என் முட்டியிலிருந்து குதிகால் வரை இருபத்தொன்று. மீதிப் பதினொன்று எங்கே போகும்? மேலேதான் போகும். ஒன்பதாம் வகுப்புப் பெண்ணுக்குக்கூடத் தெரியும்.

14-6-1969, சனி

கிடைத்துவிட்டது! எழுத்து கோணிக்கொண்டு போகிறது, போகட்டும்.

ரமாமணியின் கூறைப் புடவை தறியிலிருந்து அறுத்தாகிவிட்டதா என்று பார்க்க அம்மாவும் நானும் பிள்ளையார்பாளையம் போனோம். நெய்கிறவர் உமாபதி. அவர் பெண் என் வகுப்பில் படிக்கிறாள். தறியில் உட்கார்ந்திருந்தவர் எங்களைப் பார்த்ததும் எழுந்தார். எழுந்துகொண்டே இருந்தார். எனக்கு மேலே அரை அங்குலம் இருப்பார். ஆறு வருஷமாக அந்த வீட்டுக்குப் போய் வருகிறேன், அவர் எப்போதும் தறியில் உட்கார்ந்தே இருந்ததால் தெரியவில்லை.

இத்தனை நீளக் கால்களை வைத்துக்கொண்டு இந்த மனுஷர் தரை மட்டத்தில் எப்படி எட்டு மணி நேரம் உட்காருகிறார்? அவர் மறுபடி உட்கார்ந்ததும் குனிந்து பார்த்தேன். தறிக்குக் கீழே குழி. கால் இரண்டும் அதற்குள் ஜம்மென்று தொங்குகிறது, அடியில் மிதிபலகைகள். வலது, இடது, வலது, இடது. கிளட்ச், பிரேக். ஐயோ.

அம்மா ஜரிகையைப் பார்க்கச் சொன்னாள். நான் தரையில் உட்கார்ந்து உமாபதியிடம் தங்கப்பல்லியின் கஷ்டத்தைக் கொட்டிவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டுச் சொன்னார்:

"வண்டி தரையும் பலகைதானே டீச்சரம்மா? குழி வெட்டிட வேண்டியதுதான். மேல எடம் இல்லன்னா கீழதான் போவணும்."

15-6-1969, ஞாயிறு

உமாபதி சைக்கிளில் வந்தார், தேவசகாயமும் வந்தார். இரண்டு பேருக்கும் பார்த்த முதல் நிமிஷத்திலேயே ஆகவில்லை. நெசவாளி காருக்கு யோசனை சொல்வதா என்று இவருக்கு. குழி என்றால் என்ன என்று இந்த மேஸ்திரிக்குத் தெரியுமா என்று அவருக்கு.

ஆனால் உமாபதி அளவெடுத்த அழகு. என்னை சீட்டில் உட்காரவைத்து, காலைத் தளர விடச் சொல்லி, முட்டியிலிருந்து குதிகால் வரை நூல் பிடித்தார். குழி என்பது அவரவர் காலுக்கு வெட்டுவதாம். அவர் அப்பா போனபிறகு அதே குழியில் இவர் உட்கார்ந்து ஒரு மாசத்தில் இடுப்பு பிடித்துக்கொண்டு, பிறகு தோண்டி ஆழமாக்கினாராம். அப்பா நாற்காலியிலிருந்து இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார்.

தேவசகாயம் டிரைவர் பக்கத்துத் தரைப் பலகை இரண்டைக் கழற்றினார். கீழே பிரேக் கம்பி போகும் இடத்தை விட்டுவிட்டு, குதிகால் இரண்டும் இறங்குகிற அளவுக்குக் கெட்டித் தகரத்தில் ஒரு பெட்டி அடித்துப் பூட்டுவதாக முடிவு. ஆறு விரல் ஆழம். கழற்றின பலகைகளைப் பத்திரமாக வை என்று அப்பா அவரிடம் இரண்டு தரம் சொன்னார்.

17-6-1969, செவ்வாய்

பெட்டி பூட்டியாகிவிட்டது. புதுக் குழியில் காலை விடும் முன் கற்பூரம் காட்டணும் என்று உமாபதி ஒற்றைக்காலில் நிற்கிறார். பெட்ரோல் வண்டிக்குள் கற்பூரமா என்று தேவசகாயம் அலறி, சிலுவை போட்டுக்கொண்டார். கடைசியில் மஞ்சள் குங்குமம் வைத்து, ஒரு பூ போட்டு, சமாதானம்.

வலது காலை முதலில் வைத்தேன். இறங்கியது. இடது காலும் இறங்கியது. முழங்கால் ஸ்டீயரிங்குக்குக் கீழே, நாலு விரல் இடைவெளி. கிளட்ச் – சத்தமில்லை. பிரேக் – ஹாரன் அடிக்கவில்லை. கோபுரம் வரை போய்த் திரும்பினேன். தெருவில் எல்லாரும் என்னைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எல்லாரும் பார்த்தார்கள்தான்.

இத்தனை வருஷம் பஸ்ஸில், பெஞ்சில், சினிமாக் கொட்டகையில், பெண் பார்க்க வந்தவர்கள் முன்னால் என்று எங்கே போனாலும் என்னை மடித்து மடித்து உட்கார்ந்திருக்கிறேன். முதல் தடவையாக ஒரு இடத்தை என் அளவுக்கு வெட்டியிருக்கிறார்கள். பைத்தியம் மாதிரி சிரித்துக்கொண்டே சாப்பிட்டேன். ரமாமணி என் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

22-6-1969, ஞாயிறு

பரீட்சை. தோற்றேன்.

அன்றைக்கு என்ன புடவை கட்டிக்கொள்வாயோ அதைக் கட்டிக்கொண்டு வா என்று அப்பா சொல்லிவிட்டார். நியாயம்தான். அரக்குப் பட்டு, ஒரு சாண் அகல ஜரிகைக் கரை, உமாபதியே நெய்தது. அவர் குழியைப் பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார். நாதஸ்வரக்காரர் நடக்கிற மாதிரி முன்னால் நடக்கச் சொல்லி அப்பா அவரை அனுப்பினார். மனுஷர் இரண்டு கையையும் வாய்க்கு முன்னால் தூக்கிப் பிடித்துக்கொண்டு, வாத்தியம் இல்லாமலே தலையை ஆட்டி ஆட்டி நடந்தார்.

மூன்றாவது வீட்டில் ஆரம்பித்தது. புதுப் பட்டின் கொசுவம் மடங்குமா? ஜரிகை அட்டை மாதிரி விறைத்துக்கொண்டு முன்னால் விரிந்து, நேராகக் குழிக்குள் இறங்கிக் குழியை அடைத்துவிட்டது. குதிகால் வைக்க இடமில்லை. கிளட்சுக்கும் செருப்புக்கும் நடுவில் நாலு மடிப்பு ஜரிகை. நாங்கள் அளவெடுத்ததெல்லாம் பள்ளிக்கூடத்துக்குக் கட்டுகிற மெல்லிய வாயல் புடவையில்.

வண்டி ஐந்து தரம் நின்றது. ஐந்தாவது தரம் கோயில் யானை எதிரே வந்து நின்று என்னைப் பார்த்தது. அதற்காவது சிரிப்பு வராமல் இருந்ததே.

உமாபதி தலையில் கை வைத்துக்கொண்டு வாசல் படியில் உட்கார்ந்துவிட்டார். "பொடவ நெய்றவன் நானு. பொடவய மறந்துட்டேனே டீச்சரம்மா." அவரைத் தேற்றுவதா என்னைத் தேற்றிக்கொள்வதா?

நூல் புடவை கட்டிக்கொண்டு ஓட்டுகிறேன் என்றேன். அம்மா கத்தவில்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது. "தங்கை கல்யாணத்துல பெரியவ நூல் புடவையில நின்னா ஊர் என்ன பேசும் தெரியுமோ? வயிறு எரிஞ்சிண்டு நிக்கறான்னு பேசும்." அம்மா சொன்னது சரி. பேசுவார்கள். ஏற்கெனவே பேசுகிறார்கள்.

அப்பா கார்டு எடுத்து வரச் சொன்னார், மெட்ராஸுக்கு எழுத. இரண்டே நாள் கேட்டேன். எதற்கு இரண்டு நாள் என்று எனக்கே தெரியாது. தலையை ஆட்டினார்.

இப்போ என்ன பண்றது? பாழாப் போன பட்டு. பாழாப் போன காலு. ஒரு பொண்ணுக்கு எதுக்குப் பெருமாளே இத்தனை நீளம்?

23-6-1969, திங்கள்

பள்ளிக்கூடத்திலிருந்து வந்தால் கூடத்தில் ஒரு அம்மாள். பெரியநாயகி, உமாபதியின் மனைவி. புருஷன் ராத்திரி சாப்பிடவில்லையாம். விஷயம் என்ன என்று பிடுங்கிக் கேட்டுவிட்டு, டவுன் பஸ் பிடித்து வந்திருக்கிறாள். அவள் வீட்டு இரண்டாவது தறி அவளுடையது.

"நாங்களும் பொடவ கட்டிக்கினுதானே குழியில ஒக்கார்றோம்? கொசுவத்த முன்னாடி வெச்சா மிதி எப்படிமா மிதிக்கிறது? பின்னால வெய்யி."

அறைக்குள் கூட்டிப் போய், அதே அரக்குப் பட்டைப் பின்கொசுவம் வைத்துக் கட்டிவிட்டாள். மடிப்பு முழுக்க முதுகுப் பக்கம் விசிறி மாதிரி விரிந்தது. முன்னால் தட்டையாக, கணுக்காலுக்கு மேலே நின்றது. நடந்து பார்த்தேன். ஓடிப் பார்த்தேன். ரமாமணி கைதட்டினாள்.

அம்மா வாசற்படியிலேயே நின்றாள். நம்மாத்தில் யாரும் இப்படிக் கட்டுவதில்லை என்றாள். மாப்பிள்ளை வீட்டார் முன்னால், சம்பந்தி மாமி முன்னால் எப்படி என்றாள். ரமாமணி அப்போதுதான் அதைச் சொன்னாள், குரலே உயர்த்தாமல்: "அக்கா ஓட்டலைன்னா எனக்கு மாப்பிள்ளை அழைப்பே வேண்டாம்மா. அவர் நடந்து வரட்டும்."

அம்மா பெரியநாயகிக்குக் காபி கலக்கப் போனாள். போகும்போது என் முதுகுப்பக்க மடிப்பு ஒன்றை நீவி நேராக்கிவிட்டுப் போனாள்.

24-6-1969, செவ்வாய்

சாயங்காலம் ஐந்தரைக்கு. கோபுர வாசல் வரை, திரும்பவும் வீடு வரை. உமாபதி இந்தத் தடவை இன்னும் மெதுவாக நடந்தார், நடுநடுவே நின்று கண்ணை மூடி ஆலாபனை வேறு. ஒரு தரம்கூட இன்ஜின் நிற்கவில்லை. ஒரு தரம்கூட!

அப்பா கார்டைக் கிழிக்கவில்லை. அதன் பின்பக்கத்தில் சமையல்காரருக்குச் சாமான் பட்டியல் எழுத ஆரம்பித்தார்.

26-6-1969, வியாழன்

சத்திரத்தில் ஒரு மூலையில் உட்கார்ந்து எழுதுகிறேன். இடது தொடை துடிக்கிறது. நடந்ததை ஒழுங்காக எழுதவேண்டும், தாவக்கூடாது.

விளக்கொளிப் பெருமாள் கோயில் வாசலில் வண்டியை நிறுத்தினேன். வண்டி முழுக்க மல்லிகையும் சாமந்தியும். அப்பா கட்டுப் போட்ட காலோடு நடக்க முடியாது என்று என் பக்கத்தில், இடது சீட்டில் ஏற்றியிருந்தோம். அந்தப் பக்கம் அவர் உட்கார்ந்ததே இல்லை. கதவைத் திறக்கத் தெரியாமல் தடவினார்.

முரளீதரன் கோட்டும் மாலையுமாக வந்தார். அவருடைய மாமா ஒருவர், பெரிய மீசை, முன்னால் வந்து, நேரமாகிறது, டிரைவர் எங்கே என்றார். நான் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டுதான் உட்கார்ந்திருக்கிறேன். 

அப்பாதான் சொன்னார். "இதோ உட்கார்ந்திருக்காளே. என் பெரிய பொண்ணு. அவதான் ஓட்டறா."

என் பெரிய பெண் என்று அப்பா நூறு பேரிடம் சொல்லிக் கேட்டிருக்கிறேன். ஒவ்வொரு தரமும் பின்னால் ஒரு பெருமூச்சு வரும். இன்றைக்கு வரவில்லை.

மாமா வாயைத் திறப்பதற்குள் மாப்பிள்ளை ஏறி உட்கார்ந்துவிட்டார். கூடவே குழந்தைகள், நான் எண்ணினவரை பதினொன்று. நாதஸ்வரம் ஆரம்பித்தது. காஸ் விளக்குகள் தூக்கினார்கள். கிளட்சை விட்டேன். தங்கப்பல்லி ஒரு ச்சு சொல்லிவிட்டு நகர்ந்தது.

ஒரு மணி பத்து நிமிஷம். ஒவ்வொரு முனையிலும் வித்வான் நின்று வாசித்தார், ஒவ்வொரு தரமும் நானும் நின்றேன். குதிகால் குழிக்குள் சௌக்கியமாக இருந்தது. அப்பா இடது காலால், பிரேக்கே இல்லாத இடத்தில் பிரேக் மிதித்துக்கொண்டே வந்தார். முரளீதரன் மாலைக்கு நடுவிலிருந்து குனிந்து, இதற்கு எத்தனை கியர், பெட்ரோல் எவ்வளவு குடிக்கும், கற்றுக்கொள்ள எத்தனை நாளாகும் என்று கேட்டுக்கொண்டே இருந்தார். ரமாமணிக்கு நல்ல புருஷன்தான். என்னுடைய ஒன்பதாம் வகுப்புப் பெண்கள் நாலு பேர் வண்டியோடு கூடவே நடந்து வந்தார்கள், எல்லாரிடமும் எங்க டீச்சர் எங்க டீச்சர் என்று சொல்லிக்கொண்டே.

பின்கொசுவத்தைப் பற்றிச் சம்பந்தி மாமி ஒன்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஒன்றே ஒன்று: ஆரத்தித் தட்டோடு வந்து, "நீ இறங்கவே மாட்டியா?" நான் இறங்க மறந்துபோய் உட்கார்ந்திருந்தேன்.

27-6-1969, வெள்ளி

திருமாங்கல்யம் ஏறியது. ரமாமணி சிரித்தாள், நான் அழுதேன், அம்மா இரண்டும் செய்தாள்.

2-7-1969, புதன்

வீடு காலியாக இருக்கிறது. வண்டி ஷெட்டில். பால் வாங்கி வர எடுத்துப் போகட்டுமா என்று கேட்டேன். வண்டிக்கு ஓய்வு கொடு என்றார் அப்பா. பால் எதிர்வீட்டிலேயே கிடைக்கிறது, அது வாஸ்தவம்தான்.

பிறகு அவர் தூங்கின சமயம் பார்த்து ஷெட்டுக்குப் போய்ச் சும்மா உட்கார்ந்து காலை நீட்டிவிட்டு வந்தேன்.

17-7-1969, வியாழன்

சந்திரனுக்கு மூன்று பேர் கிளம்பிவிட்டார்கள் என்று ரேடியோவில் சொன்னார்கள். ஆசிரியர் அறையில் எல்லாரும் ராக்கெட், அணு, கடவுள் என்று பேசினார்கள். எனக்கு ஒரே கவலை, மூன்று பேரும் காலை எங்கே வைத்துக்கொள்வார்கள்?

19-7-1969, சனி

மாவுக்கட்டைப் பிரித்துவிட்டார்கள். எலும்பு நன்றாகக் கூடியிருக்கிறதாம். ஒரு வாரம் நடந்து பழகிவிட்டு வண்டியும் ஓட்டலாம் என்றார் டாக்டர்.

வந்ததும் அப்பா ஷெட்டுக்குப் போனார். நான் ஜன்னல் வழியாகப் பார்த்தேன். டிரைவர் சீட்டில் ஏறினார். குழிக்குள் குதிகால் எட்டவில்லை. கால் இரண்டும் பள்ளிக்கூட பெஞ்சில் உட்கார்ந்த குழந்தைக்கு மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது. எனக்குச் சிரிப்பு வந்திருக்கவேண்டும். வரவில்லை. கொஞ்ச நேரம் ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்துவிட்டு இறங்கினார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பலகைகளோடு வரச் சொல்லி தேவசகாயத்துக்கு ஆள் அனுப்பினார்.

சரி. பேசினது பேசினதுதான். நான்தானே தலையை ஆட்டினேன்? அவரோட வண்டி, இருபத்து மூணு வருஷமா அவரோட வண்டி. அப்புறம் எதுக்கு மூக்கை உறிஞ்சிண்டு உட்கார்ந்திருக்கே? போடி, போய்ப் பேப்பர் திருத்து.

23-7-1969, புதன்

ஒன்பதாம் வகுப்பில் பாதிப் பேர் ஃபெயில். நானும் சரியாகச் சொல்லிக்கொடுக்கவில்லை.

27-7-1969, ஞாயிறு

தேவசகாயம் ஒன்பது மணிக்கு வந்தார். பலகைகளைச் சாக்கில் சுற்றி எடுத்து வந்திருந்தார். நான் கிணற்றடிக்குப் போய்விட்டேன், சுத்தியல் சத்தம் கேட்கவேண்டாம் என்று. துவைத்த துணியையே மறுபடி துவைத்தேன்.

சத்தமே இல்லை. அரை மணி கழித்து அம்மா வந்து, தேவசகாயம் காபி குடித்துவிட்டுப் போய்விட்டார், வாசலில் அப்பா உன்னைக் கூப்பிடுகிறார் என்றாள். என்ன என்று கேட்டால், போய்ப் பாரேன் என்கிறாள்.

வண்டி தெருவில் நின்றது. அப்பா மயில்கண் வேஷ்டியும் அங்கவஸ்திரமுமாக, இடது பக்கம் ஏறி உட்கார்ந்திருந்தார்.

நான் ஈரக் கையோடு நின்றேன். எங்கே போகணும்பா என்று கேட்டேன்.

"பாலாறு வரைக்கும் போயிட்டு வரலாம். செவிலிமேடு தாண்டினா ரோடு காலியா இருக்கும். அங்கே கொஞ்சம் வேகமாப் போ."

போனேன். குதிகால் இரண்டும் அதே குழிக்குள் இருக்க, நாற்பத்திரண்டு மைல் வேகம் வரை போனேன். அப்பாவின் அங்கவஸ்திரம் காற்றில் பறந்து எங்கேயோ போய்விட்டது. நிறுத்தட்டுமா என்று கேட்டேன். வேண்டாம், போ என்றார்.